நேர்காணலில் பதிலைச் சம்பவமாகச் சொல்வது எப்படி?

"நான் பொறுப்பானவன், குழுவோடு ஒத்துப்போவேன்" என்பதை அன்று வரும் எல்லோருமே சொல்வார்கள். அந்தப் பொறுப்பை ஒரு சம்பவத்தில் காட்டினால்தான் உங்கள் பதில் தனியாக நினைவில் நிற்கும்.

1. சம்பவங்களைச் சேகரியுங்கள். ஐந்தாறு போதும்: ஒரு தகராறு, ஒரு தோல்வி, நெருக்கடியான கெடு, புதிதாகக் கற்றது, நீங்களாக முன்வந்து செய்தது. வேலை அனுபவம் இல்லையென்றால் கல்லூரி ப்ராஜெக்ட், தன்னார்வப் பணி எதுவும் ஆகும். ஒரே சம்பவம் இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பொருந்தும்.

2. நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். சூழல், பொறுப்பு, செயல், விளைவு. 'ஸ்டார்' (STAR: Situation, Task, Action, Result என்பவற்றின் முதலெழுத்துகள்) முறை என்பது இதுதான். 90 நொடிப் பதிலில் முதல் இரண்டுக்கும் சேர்த்து 20 நொடி, செயலுக்கு 50, விளைவுக்கு 20. பலர் சூழலிலேயே ஒரு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள்; கேட்பவருக்கு உங்கள் பழைய அலுவலகத்தின் வரலாறு தேவையில்லை.

3. எங்கே சிக்கியது என்று சொல்லுங்கள். பதிலின் உயிர் இங்கேதான். உதாரணம்:

"மாத அறிக்கை எப்போதும் இரண்டு நாள் தாமதமாகும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று பேர் தனித்தனி எக்செல் ஃபைலில் பதிந்ததால், ஒப்பிடுவதிலேயே நேரம் போனது. ஒரே ஃபைலுக்கு மாறலாம் என்றேன். ஒருவர் மறுத்தார். பேசிப் பார்த்தபோது, தன் பதிவை யாராவது அழித்துவிடுவார்களோ என்ற பயம் என்று தெரிந்தது. அவர் பகுதியை மட்டும் லாக் செய்து கொடுத்தேன். அடுத்த மாதம் அறிக்கை குறித்த நாளில் போனது."

அந்த மறுப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வேலைப் பட்டியல்.

4. 'நான்' என்று சொல்லுங்கள். அடக்கத்தால் "நாங்கள் செய்தோம்" என்றே பேசினால் உங்கள் பங்கு தெரியாமல் போகும். குழு செய்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு உங்கள் பங்குக்கு வாருங்கள்.

விளைவில் எண் இருந்தால் நல்லது, ஆனால் கற்பனை எண் வேண்டாம். "எப்படி அளந்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். தோல்விக் கதையில் பழைய மேலாளர் மேல் பழி போடாதீர்கள்; உங்கள் தவறு எது, அதன்பின் எதை மாற்றினீர்கள் என்பதற்குத்தான் அந்தக் கேள்வி.

5. மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் முழுதும் தடுமாறும். சம்பவத்துக்கு நான்கு குறிப்புச் சொற்கள் மட்டும் எழுதி, போனில் பதிவு செய்து கேளுங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் சூழலில் கத்தரி வையுங்கள். விளைவைச் சொன்னதும் பேச்சை நிறுத்துங்கள். எதிரில் இருப்பவர் குறிப்பெடுக்கும் அமைதியை நிரப்பப் போய்த்தான் பலர் நல்ல பதிலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.