பொன்முலாம் பூசிய பழைய இங்கிலாந்துப் பக்க மேசை: ஈரத்துணியை எடுக்கும் முன்

இந்த மேசைகளைக் கெடுக்கப் பெரிய ரசாயனம் எதுவும் வேண்டாம், ஓர் ஈரத்துணி போதும். வடிவமைப்பாளர்கள் வில்லியம் கென்ட் (1685–1748), ராபர்ட் ஆடம் (1728–1792) காலத்து மேசைகளில் பெரும்பாலும் உள்ளே பைன் மரம்தான். அதன்மேல் வச்சிரத்தில் (விலங்குத் தோலைக் காய்ச்சிய பசை) குழைத்த சுண்ணக்கட்டித் தூள் பல பூச்சு, அதற்கும் மேல் ‘போல்’ எனப்படும் நைசான களிமண், கடைசியில் தங்க ரேக்கு. ரேக்கு ஏறக்குறைய 0.1 மைக்ரான்தான் இருக்கும். அடியில் உள்ள இரண்டு அடுக்குகளும் தண்ணீரில் இளகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. மேல்கல்லை இறக்குங்கள்

கல் பெரும்பாலும் சட்டத்தின் மேல் தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். 120 × 60 செ.மீ., 2.5 செ.மீ. தடிமன் என்றால் ஏறத்தாழ 49 கிலோ. இரண்டு பேர் வேண்டும். நீளவாட்டில் ஓரத்தை மெல்ல உயர்த்தி, கண்ணாடித் தகட்டைத் தூக்குவதுபோல் செங்குத்தாக நிறுத்தியே கொண்டு போங்கள். படுக்கை வசமாகத் தூக்கினால் நடுவில் விரியும், பதித்த துண்டுகள் முதலில் தெறிக்கும். மேசையைத் தூக்கும்போது உள்பக்கச் சட்டத்தைப் பிடியுங்கள். செதுக்கு வேலையில் கை வைக்க வேண்டாம்.

2. எந்த முலாம் என்று கண்டுபிடியுங்கள்

அவசரப்படுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீர் முலாம்: களிமண் பூச்சை நனைத்து ரேக்கை ஒட்டி, காய்ந்ததும் அகேட் கல்லால் மெருகிட்டது. கண்ணாடிபோல் மின்னும். மேடான இடங்களில் தேய்ந்து சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்க்கும். ரேக்குத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளும் பல இடங்களில் தெரியும்.

எண்ணெய் முலாம்: பிசுபிசுப்பான எண்ணெய்ப் பூச்சின் மேல் ரேக்கை ஒட்டியது. மெருகிட முடியாது, அதனால் ஒளி மங்கலாக, சீராக இருக்கும்.

வெண்கலப் பெயின்ட்: தங்கமே இல்லை. பித்தளைத் தூள். பழுப்பாகவோ பச்சையாகவோ கறுத்திருக்கும். 10 மடங்கு லூப்பில் (கண்ணருகே பிடிக்கும் உருப்பெருக்கி) பார்த்தால் மணிமணியாகத் தூள் தெரியும். யாரோ பின்னாளில் ‘சரிசெய்த’ அடையாளம்.

சிக்கல் என்னவென்றால், ஒரே மேசையில் மூன்றும் இருக்கலாம். மெருகிட்ட இடங்களுக்கு நீர் முலாமும் மங்கலான இடங்களுக்கு எண்ணெய் முலாமும் சேர்த்துப் போடுவது அக்காலத்து வழக்கம். ஆகவே ஒரு காலில் சோதித்துவிட்டு மொத்த மேசைக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கால், முன்பட்டை, இலைச் செதுக்கு எல்லாவற்றிலும் கண்ணில் படாத ஓர் இடத்தில் தனித்தனியாகப் பாருங்கள்.

சோதனை இது: குச்சியில் பஞ்சைச் சுற்றி, அயனி நீக்கிய நீரில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். பஞ்சு ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. 5 மி.மீ. இடத்தில் ஐந்தாறு முறை உருட்டுங்கள். தேய்க்காதீர்கள். பஞ்சில் சாம்பலோ பழுப்போ வந்தால் அழுக்கு. சிவப்போ மஞ்சளோ வந்தால் களிமண் இளகுகிறது, உடனே நிறுத்துங்கள். பொன் துணுக்கு வந்தாலும் அப்படியே. பிறகு பக்கத்து இடத்தில் ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைக்கும் பெட்ரோலியத் திரவம்) அதே சோதனை. நீர் முலாம் ஒயிட் ஸ்பிரிட்டைத் தாங்கும், எண்ணெய் முலாம் தண்ணீரைத் தாங்கும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணெய் முலாம் தண்ணீரைத் தாங்கினாலும், மேலே வெடிப்பு இருந்தால் ஈரம் அதன் வழியே சுண்ணப்பூச்சுக்குள் இறங்கி உப்ப வைக்கும். அப்போது ஒன்றும் தெரியாது, காய்ந்த பிறகு உதிரும். வெடித்த முலாமைச் சுத்தம் செய்ய, எந்த வகையானாலும், தண்ணீர் வேண்டாம்.

3. உதிர்வதை முதலில் ஒட்டுங்கள்

தூசி தட்டுவதற்கும் முன்பே இது. இல்லையென்றால் தூசியோடு தங்கமும் பிரஷ்ஷில் வந்துவிடும்.

முயல்தோல் வச்சிரம் 1 பங்கு, நீர் 20 பங்கு. இரவு முழுதும் ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பசையின் பிடி போய்விடும். என் விருப்பம் ஸ்டர்ஜன் மீன் பசைதான். விலை அதிகம், ஆனால் மெல்லிய வெடிப்புக்குள்ளும் ஓடிப் போகும்.

மிக மெல்லிய 00 பிரஷ்ஷால் வெடிப்பின் விளிம்பில் முதலில் நீரும் ஆல்கஹாலும் சமமாகக் கலந்த ஒரு சொட்டு, அது வழி விட்டதும் வெதுவெதுப்பான பசை ஒரு சொட்டு. மேலே சிலிகான் தாள் வைத்து விரலால் மெல்ல அழுத்துங்கள். வழிந்த பசையைத் துடைக்கப் போனால் நீர் முலாமும் கூடவே வந்துவிடும், அதனால் குறைவாகவே விடுங்கள்.

4. சுத்தம்

மென்மையான ஆட்டுமுடி பிரஷ், ஒரு கையில் வாக்குவம் குழாய். குழாய் வாயில் வலைத்துணி கட்டுங்கள், துணுக்கு உதிர்ந்தால் அதில் நிற்கும். பிறகு சோதனையில் தாங்கிய திரவத்தில் பஞ்சுக் குச்சி. பஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். தங்கம் முழுக்கப் பளிச்சென்று ஆக வேண்டியதில்லை. முலாமின் மேல் மெழுகு போடாதீர்கள்.

5. விட்டுப்போன இடங்கள்

விரல் நகத்தைவிடச் சிறிய இடத்துக்குத் தங்க ரேக்கு வீண் செலவு, பொன்னிற மைகாத் தூள் கலந்த வாட்டர்கலர் போதும். அது வேண்டும்போது அழியும் என்பதுதான் அதன் சிறப்பு. இதற்கு வெண்கலப் பெயின்டைப் பயன்படுத்தவே வேண்டாம்.

பெரிய இடமென்றால்: வச்சிரம் 1, நீர் 10, அதில் சலித்த சுண்ணக்கட்டித் தூளைத் தூவி, பாலாடைப் பதம் வரும்வரை மூழ்கவிடுங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக்குமிழி புகுந்து ஊசித்துளை விழும். 6–8 மெல்லிய பூச்சு. மேல்பூச்சின் பசை கீழ்ப்பூச்சைவிட வலுவாக இருந்தால் சுருங்கி இழுத்து மொத்தத்தையும் பெயர்க்கும். மீந்த பசையை மறுநாள் திரும்பச் சூடாக்கினால் நீர் வற்றி இந்தத் தவறுதான் நடக்கும். புதிதாகக் காய்ச்சுங்கள்.

பிறகு களிமண் பூச்சு: மஞ்சள் 2 பூச்சு, அதன்மேல் சிவப்பு 3 பூச்சு. காய்ந்ததும் துணியால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். நீர் 2 பங்கு, ஆல்கஹால் 1 பங்கு கலவையை நனையப் பூசி, 23½ காரட் ரேக்கை அணில்முடி பிரஷ்ஷால் எடுத்து வையுங்கள். 80 மி.மீ. சதுரம், ஒரு புத்தகத்தில் 25 ரேக்கு.

மெருகிடும் நேரம் வந்ததா என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அகேட் முனையால் லேசாகத் தட்டுங்கள். ‘டக்’ என்று தெளிவாகக் கேட்டால் தயார். மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம், அப்போது தேய்த்தால் ரேக்கு கிழியும். பொதுவாக 1–3 மணி நேரம், ஈரப்பதமான நாளில் இன்னும் கூடும். அதிகம் காயவிட்டால் மெருகே ஏறாது.

6. மேல்கல்

எல்லாம் மார்பிள் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிளாரன்ஸ் கல்பதிப்பாக இருக்கலாம் (மெடிசி குடும்பம் அங்கே பட்டறையை நிறுவியது 1588). இங்கிலாந்தில் டெர்பிஷையர் பகுதியின் ஆஷ்ஃபர்ட் ஊரில் கிடைத்த ‘கறுப்பு மார்பிள்’ உண்மையில் சுண்ணாம்புக்கல்தான். கல்லே இல்லாமல் ஸ்காலியோலாவாகவும் இருக்கலாம்: ஜிப்சம், நிறத்தூள், வச்சிரம் சேர்த்துப் பிசைந்து மெருகேற்றியது. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கல் சில்லென்று இருக்கும், ஸ்காலியோலா அவ்வளவு குளிராது. ஓரம் பெயர்ந்த இடத்தில் சாந்து தெரிந்தால் உறுதி. அதற்கும் தண்ணீர் ஆகாது, ஒயிட் ஸ்பிரிட் மட்டும்.

உண்மையான கல்லுக்கு ஒரு லிட்டர் அயனி நீக்கிய நீரில் சில சொட்டு அயனியற்ற (non-ionic) டிடர்ஜென்ட். உள்ளங்கை அளவு இடம் துடைத்து, சுத்த நீரில் ஒற்றி, உடனே உலர்த்திவிட்டு அடுத்த இடம். எலுமிச்சை, வினிகர், குளியலறை கிளீனர் எதுவும் வேண்டாம். அமிலம் பட்டால் ஆஷ்ஃபர்ட் கறுப்பு சாம்பலாக வெளுக்கும், லாபிஸ் என்ற நீலக் கல்லும் கெடும். மாலகைட் என்ற பச்சைக் கல் இருந்தால் அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரேயும் கூடாது. ஊறவைத்துக் கறை எடுக்கும் பற்றுகளைப் பதிப்பு வேலையின் மேல் போட்டால் ஈரம் இணைப்புகளில் புகும்.

நகத்தால் தட்டி, பொள்ளென்று கேட்கும் துண்டுகளைக் குறியுங்கள். பழைய பசை பெரும்பாலும் குங்கிலியமும் தேன்மெழுகும், சூடு பட்டால் இளகும். டீ கப் வைப்பதால் கறை மட்டும் வருவதில்லை, துண்டும் அசையும். கழன்ற துண்டை, பாராலாய்ட் பி-72 என்ற (திரும்பக் கரைத்து எடுக்கக்கூடிய) அக்ரிலிக் பிசினை அசிடோனில் கரைத்து இரண்டு மூன்று புள்ளி வைத்து ஒட்டலாம். அதிகம் வைத்தால் அசிடோன் பக்கத்துத் துண்டின் குங்கிலியத்தையும் கரைக்கும். சூப்பர்குளூவும் எபாக்சியும் திரும்பக் கழற்ற முடியாதவை.

கடைசியில் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, மிக மெல்லியதாக, கல்லுக்கு மட்டும்.

7. திரும்ப வைத்த பிறகு

பலர் கேட்பது: ஒட்டிய இடமே குளிர்காலத்தில் மீண்டும் உதிர்கிறதே? பெரும்பாலும் பசையின் குற்றமல்ல, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வேலை. அறை வறண்டதும் மரம் சுருங்கும், சுண்ணப்பூச்சு அந்த அளவுக்குச் சுருங்காது, நடுவில் பிடி விடும். ஈரப்பதத்தை 45–55 சதவீதத்தில் வையுங்கள். ரேடியேட்டர் இருக்கும் சுவரோரம் மேசையை வைக்கவே வேண்டாம்.