644 போதவில்லை, 444 போட்டதும் சரியானது

ஜென் கார்ட் என்ற இணையக் கடை மென்பொருளில் ஓடும் எங்கள் கடைப் பக்கத்தின் மேலே சிவப்பாக ஒரு எச்சரிக்கை: கான்ஃபிகர்.பிஎச்பி கோப்பில் எழுத முடிகிறது, இது ஆபத்து என்று. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கோப்பு அது, சும்மா விட முடியுமா?

கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண்ணாக 644 கொடுத்துப் பார்த்தேன், எச்சரிக்கை போகவில்லை. காரணம், எங்கள் சர்வரில் பிஎச்பி (கடையை இயக்கும் நிரல்மொழி) எங்கள் கணக்கின் பெயரிலேயே, அதாவது கோப்பின் உரிமையாளராகவே ஓடுகிறது. 644-இல் முதல் எண்ணான 6, உரிமையாளர் எழுதவும் செய்யலாம் என்பது. அப்படியானால் பிஎச்பியும் எழுதலாம். 444 என்றால் எல்லோருக்கும் படிக்க மட்டும்தான் அனுமதி. சர்வருக்குக் கோப்பு அனுப்பும் எஃப்டிபியில் 444 போட்டேன், ரிஃப்ரெஷ் செய்தால் மறுபடி 644. அப்புறம் சர்வரை நிர்வகிக்கும் சிபேனலின் ஃபைல் மேனேஜரில் மாற்றியதும் எச்சரிக்கை மறைந்தது.

அட்மின் பக்கத்துக்கும் இதே பெயரில் தனிக் கோப்பு உண்டு, அதையும் பூட்டிவிடுங்கள். யார் சொன்னாலும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) மட்டும் வேண்டாம். கோப்புறைகளுக்குப் பெரும்பாலும் 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) போதும்.