ஃபாலட் அறுவை முடிந்த பிள்ளைக்கு 18 வயது ஆகும்போது

டெட்ராலஜி ஆஃப் ஃபாலட் என்ற பிறவி இதயக் குறைக்கு (கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் குறுகல்) குழந்தையிலேயே அறுவை செய்தவர்கள், 'ஓட்டையை அடைச்சாச்சு, இனி என்ன' என்று செக்கப்பை விடுவது பெரும்பாலும் பள்ளி முடிக்கும் வயதில்தான். ஓட்டை அடைபட்டது உண்மை. ஆனால் நுரையீரல் வால்வின் குறுகலை அகலப்படுத்தியதில் பலருக்கு அந்த வால்வு கசியும். கசிவால் வலது கீழறை ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். மூச்சுவாங்கத் தொடங்கும் முன்பே அறை பலவீனப்பட்டு, வால்வு மாற்றச் சரியான காலம் கடந்துவிடலாம்.

முதலில் காகிதங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கத்தான் சொல்கின்றன. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எனவே 18 வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட் வேண்டும். குறுகலை அகலப்படுத்த வைத்துத் தைத்த ஒட்டு (பேட்ச்) வால்வு வளையத்தைத் தாண்டிப் போகிறதா, செயற்கைக் குழாய் வைத்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர், கரோனரி ரத்தக்குழாய் அறுவைப் பாதையின் குறுக்கே ஓடுகிறதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அடுத்த அறுவை செய்பவர் முதலில் தேடுவதும் அதைத்தான். எக்கோ, எம்ஆர்ஐ இரண்டுக்கும் ரிப்போர்ட்டோடு படங்களையும் சிடியில் வாங்குங்கள். ஈசிஜி தாள் மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள். கியூஆர்எஸ் அகலம் (கீழறைகளுக்குள் மின்துடிப்பு பரவ எடுக்கும் நேரம்) ஆண்டுக்கு ஆண்டு எப்படிக் கூடுகிறது என்று ஒப்பிடப் பழையது தேவை. 180 மில்லிசெகண்டை எட்டினால் ஆபத்தான படபடப்புக்கான வாய்ப்பு அதிகம்.

அடுத்து டாக்டர். மாரடைப்பே அதிகம் பார்க்கும் இதயநோய் மருத்துவர் போதாது. பெரியவர்களின் பிறவி இதயநோயில் அனுபவமுள்ளவரைக் குழந்தை இதய மருத்துவரிடமே கேட்டு, பெயர் எழுதிய கடிதமாக வாங்குங்கள். புது இடத்தில் முதல் செக்கப் முடியும்வரை பழைய இடத்தை விட வேண்டாம். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 18 வயதோடு நின்றுவிடும். வால்வு மாற்றும் பேச்சு இருந்தால், அதன்பின் எந்தக் காப்பீட்டில் வரும் என்று முன்பே விசாரியுங்கள்.

பதினான்கு வயதிலிருந்தே ஓ.பி.யில் பிள்ளை பேசட்டும், பெற்றோர் பத்து நிமிடம் வெளியே இருங்கள். நோயின் பெயர், மாத்திரையின் மில்லிகிராம் இரண்டையும் சொல்லத் தெரிய வேண்டும். படபடப்போடு மயக்கம் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். செயற்கை வால்வு இருந்தால் பல் பிடுங்க 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்தை இப்போதே எழுதி வாங்குங்கள்.

கல்யாணப் பேச்சில் இதை மறைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே எக்கோ பார்க்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டால் மருந்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். ஃபாலட் உள்ள சிலருக்கு 22கியூ11 என்ற மரபணுக் குறையும் இருக்கும்; இருந்தால் அது அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். இந்த மரபணுப் பரிசோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால், குழந்தை இதய மருத்துவரிடம் காட்டிவரும்போதே கேட்டுச் செய்துவிடுங்கள்.