பெரிய சாதி நாய்க்குட்டி நொண்டினால்: முள்ளா, மூட்டா, எலும்பா?

எங்கள் பீமா ஆண் ஜெர்மன் ஷெப்பர்டு. ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது ஒரு நாள் காலையில் இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். எங்கும் விழவில்லை, அடிபடவில்லை. எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்தில் நாய் நொண்டினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கருவ முள்ளு ஏறிருக்கும்." நானும் அதை நம்பி இரண்டு நாளை வீணாக்கினேன்.

1. பாதத்தைப் பாருங்கள். முள் இல்லை என்று ஆன பிறகுதான் மற்றதெல்லாம். வெதுவெதுப்பான நீரில் கழுவி, செல்போன் விளக்கை அடித்து விரலிடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். சீமைக் கருவேல முள் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். மேலே சின்னக் கரும்புள்ளி மட்டும்தான் தெரியும். கடற்கரைக்குப் போகிற நாய் என்றால் தூண்டில் முள்ளும் உடைந்த சிப்பியும் கணக்கில் உண்டு. எடுக்க, பாட்டி காலத்து முள்வாங்கிக்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் தூண்டில் முள் என்றால் இழுக்காதீர்கள், அதன் கொக்கி சதையைக் கிழித்துவிடும். டாக்டரிடம் போங்கள்.

2. நடப்பதை வீடியோ எடுங்கள். மணலில் வேண்டாம், மணலில் எல்லா நாயும் நொண்டுவது போலத்தான் தெரியும். சிமெண்டுத் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, பக்கத்திலிருந்து ஒன்று, எதிரிலிருந்து ஒன்று. முன்னங்கால் வலி என்றால் தலையைக் கவனியுங்கள். வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்; நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வலது காலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். இந்த வீடியோ கட்டாயம் வேண்டும். டாக்டரின் மேசையில் ஏற்றினால் பயத்தில் வலியெல்லாம் மறந்துபோய் நேராக நடப்பான்.

3. மூட்டா, எலும்பா என்று கண்டுபிடியுங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். எடுத்ததுமே வலிக்கிற காலைப் பிடித்தேன். கத்தினான். அதன் பிறகு எங்கே தொட்டாலும் கத்தினான், ஒன்றும் புரியவில்லை. எனவே நல்ல காலில் தொடங்குங்கள். ஒருவர் தலைப்பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கட்டும், இன்னொருவர் தடவட்டும். முதலில் ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடக்கி நீட்டுங்கள். பிறகு மூட்டை விட்டுவிட்டு, இரண்டு மூட்டுக்கும் நடுவே உள்ள எலும்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், பழுத்த தக்காளியை அழுத்திப் பார்க்கிற அளவுக்கு. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உட்பக்கம் தடவினால் தோலுக்கு அடியிலேயே எலும்பு கையில் படும். சதையை அழுத்திவிட்டு "வலியில்லை" என்று முடிவுகட்டாதீர்கள்.

மூட்டை மடக்கும்போது பேசாமல் இருந்தவன், எலும்பின் நடுவில் அழுத்தியதும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். டாக்டரும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்து "பனோஸ்டியைட்டிஸ்" என்றார். நாய் வளர்ப்பவர்கள் வளர்ச்சி வலி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நீண்ட எலும்புகளின் உள்ளே வரும் அழற்சி. அதிகமும் 5 முதல் 18 மாதத்துக்குள், பெரிய சாதிகளுக்கு, அதிலும் ஆண் குட்டிகளுக்கு வரும். தானாகவே சரியாகும், ஆனால் கால் மாறி மாறி வரும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். எங்களுக்கு முதல் படம் சுத்தமாக இருந்தது.

வலி மூட்டில் என்றால் கதை வேறு. முழங்கை, தோள், இடுப்பு மூட்டுக் கோளாறுகள் தானாகச் சரியாகாது. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவினால் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டுக்கு மேலே வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காலை ஊன்றவே மறுத்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

4. கால்சியம் டானிக்கை நிறுத்துங்கள். "எலும்பு வலுவில்லை, கால்சியம் குடு" என்று தெருவே சொன்னது, நானும் ஊற்றினேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. கொடுப்பதெல்லாம் உள்ளே போய் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். பெரிய சாதிக் குட்டிகளுக்கென்று விற்கும் தீனியில் அளவாகவே இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் வெறும் சோறும் எலும்பில்லாத கறியும்தான் சாப்பாடு என்றால் கால்சியம் உண்மையாகவே குறையும். அந்தக் கணக்கை டாக்டரிடம் போடுங்கள். வேக வைத்த சூடை மீன் கொஞ்சம் கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், அத்தனையும் உப்பு. குட்டியைக் கொழுக்க வைக்காதீர்கள், விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

5. ஓய்வு. பந்து விளையாட்டு, மாடிப்படி, உலர்ந்த மணலில் ஓட்டம் எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். வடகடல் பக்கம் ஈர மணலில், கயிற்றைப் பிடித்து, பத்து நிமிடம் போதும். வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். எங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது மெலாக்சிகாம் என்ற வலி மருந்து. அதையும் வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது.

6. காலண்டரில் எழுதுங்கள். எந்தக் கால், எத்தனை நாள். செயலி எல்லாம் எதற்கு, தினசரிக் காலண்டர் தாளே போதும். எங்கள் தாளில் இடது முன்னங்கால் பத்து நாள், மூன்று வாரம் ஒன்றுமில்லை, பிறகு வலது பின்னங்கால்.

பின்சேர்க்கை: தொண்டியிலிருந்து ஒருவர், தன் குட்டிக்கும் இப்படித்தான் கால் மாறி மாறி வலித்தது, கடைசியில் அது உண்ணிக் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். நான் எழுதாமல் விட்டது என் தப்பு. உண்ணியால் வரும் நோயிலும் மூட்டு வலி இடம் மாறும். காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி இருந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். முதலில் எங்கே பார்ப்பது என்றால், பாதத்தை விரித்துப் பார்க்கிற அந்த முதல் படியிலேயே பார்த்துவிடலாம்.