பூனையின் மணல் தட்டு நாய்க்கு எட்டாதிருக்க

நாயையும் பூனையையும் ஒரே வீட்டில் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் சொல்லக்கூடக் கூசும் தொல்லை ஒன்று உண்டு. பூனை தன் மணல் தட்டில் மலம் கழித்துவிட்டு நகர்ந்ததும், நாய் போய் அதைத் தின்றுவிடுகிறது. இதில் கூசுவதற்கு எதுவும் இல்லை. நாய் கெட்டுப்போய்விட்டது என்றோ வளர்ப்பு சரியில்லை என்றோ இதற்குப் பொருளும் இல்லை. பூனை இறைச்சியை நம்பியே வாழும் பிராணி என்பதால் அதன் உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம். பல தீவனப் பாக்கெட்டுகளில் குறிப்பிடப்படும், அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஏ.ஏ.எஃப்.சி.ஓ.வின் வரையறையின்படி, ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாயின் தீவனத்தில் குறைந்தது 18 சதவீதமும் வளர்ந்த பூனையின் தீவனத்தில் குறைந்தது 26 சதவீதமும் புரதம் இருக்க வேண்டும். அந்தச் செழுமையின் மணம் கழிவிலும் ஓரளவு தங்குவதால், நமக்குக் குமட்டுவது நாயின் மூக்குக்குத் தின்பண்டமாகப்படுகிறது. தட்டை எட்டும் ஒவ்வொரு முறையும் நாய்க்குப் பலன் கிடைத்துவிடுவதால், பழக்கம் தானாகவே வேரூன்றுகிறது. ஆகவே நாயைத் திருத்துவதில் தொடங்காமல், தட்டை அதற்கு எட்டாமல் செய்வதில் தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அருவருப்பு ஒருபுறம் இருக்க, ஆபத்தும் உண்டு. ஈரம் பட்டதும் கட்டியாகும் மணல் பெரும்பாலும் பெண்டோனைட் என்னும் களிமண். நீரை உறிஞ்சி ஊதிப் பெருப்பது அதன் இயல்பு. மலத்தோடு ஒட்டிச் சிறிதளவு உள்ளே போனால் பொதுவாக வெளியேறிவிடும். வாய்நிறைய விழுங்கினால் குடலை அடைக்கக்கூடும். சிலவகை உருளைப்புழுக்களும், ஜியார்டியா, சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் பூனையின் மலத்திலிருந்து நாய்க்குத் தொற்றக்கூடியவை. மனிதருக்கும் தொற்றி, கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி பூனை இனத்தின் குடலில் மட்டுமே முட்டைநிலையை உருவாக்கும் என்றாலும், தின்ற நாயின் வாயில் ஒட்டி அது வீட்டுக்குள் பரவ இடமுண்டு. மலத்தோடு வெளிவந்த பிறகு அது தொற்றும் திறன் பெற 1 முதல் 5 நாட்கள் ஆகும். தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யச் சொல்வதற்கும், கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறொருவரிடம் விட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

இனி, தட்டை எங்கே வைப்பது என்பதைப் பார்ப்போம். இதற்கான விடை நாயின் அளவைப் பொறுத்தது. லாப்ரடார் போலப் பெரிய நாயாகவோ நன்கு வளர்ந்த நாட்டு நாயாகவோ இருந்தால், பூனை நுழையக்கூடிய, நாய் நுழைய முடியாத இடைவெளியே சிறந்த வழி. அடுக்குமாடி வீடுகளில் இரண்டாவது குளியலறையோ பாத்திரம் துலக்கும் பின்கட்டோ இதற்குப் பொருந்தும். கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு சிறு சங்கிலியும் கொக்கியும் மாட்டி, சுமார் 4 அங்குலத்துக்கு மேல் கதவு திறக்காதபடி செய்யலாம். பூனையின் தலை தடையின்றி நுழைந்தால் பெரும்பாலும் உடலும் நுழைந்துவிடும். உடல் பருத்த பூனையாக இருந்தால், அது போய்வருவதை நேரில் பார்த்து இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பலரும் மறந்துவிடும் ஒன்று, காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் தடுப்பது. சங்கிலி கதவை அகலத் திறக்கவிடாமல் தடுக்குமே தவிர மூடுவதைத் தடுக்காது. எனவே கதவின் அடியில் ஒரு ரப்பர் கட்டையும் வேண்டும். வெளியே சிக்கிக்கொண்ட பூனை சோபாவையோ மெத்தையையோ நாடுவது அதன் குற்றமாகாது. நம் குளியலறைகளின் தரை ஈரமாகவே இருப்பதால், தண்ணீர் தெறிக்காத மூலையில் ஒரு பலகையின் மேல் தட்டை வைப்பது நல்லது. பெண்டோனைட் மணலைக் கழிவறைக்குள் கொட்டக் கூடாது. குழாய்க்குள் ஊறி இறுகிவிடும்.

பக், ஷீட்ஸு, டாக்ஸ்ஹண்ட் போன்ற சிறிய நாய்கள் பூனை நுழையும் இடைவெளியில் தாமும் நுழைந்துவிடக்கூடும். அவற்றுக்கு உயரமே தடை. ஆடாத, அகலமான மேசை மீதோ தாழ்ந்த அலமாரி மீதோ தட்டை வைத்து, பூனை தாவி ஏறப் பக்கத்தில் ஓர் இடைப்படியும் போட்டுவிடலாம். பெரிய நாய் முன்னங்கால்களை ஊன்றி நின்றால் மேசை உயரம் அதற்கு எளிதாக எட்டும் என்பதால், இந்த வழி அதற்கு உதவாது. மூட்டுவலி உள்ள வயதான பூனைக்கும், தாவப் பழகாத குட்டிக்கும் உயரமான தட்டு துன்பம் தரும். அத்தகைய வீடுகளில், நாய் பூனையைவிடப் பருத்ததாக இருந்தால், வாசலுக்குக் குறுக்கே குழந்தைத் தடுப்புக் கதவைப் பொருத்தி, அதன் கம்பிகளுக்கிடையே பூனை மட்டும் போகும் அளவுக்கு வழிவிடலாம். நாயும் பூனையும் ஒரே பருமனாக இருந்தால், பூனையின் தோலுக்கடியில் பொருத்தப்படும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பை அறிந்து திறக்கும் பூனைக் கதவு இருக்கிறது. விலை அதிகம் என்றாலும் வேறு வழி இல்லாதபோது பயன்படும்.

மூடியுள்ள தட்டை வாங்கிவிட்டால் போதும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. நான் அதை முதல் வழியாகப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் வாய்க்குள் பெரும்பாலான நாய்களின் தலை போய்விடும்; சிறுநீரின் நெடியும் உள்ளேயே தேங்கும். அதைவிட முக்கியமானது, உள்ளே இருக்கும் பூனைக்கு வெளியேற ஒரே வழிதான் உண்டு, அந்த வழியில் நாய் நின்று காத்திருக்கும் என்பது. இரண்டொரு முறை அப்படி மாட்டிக்கொண்ட பூனை தட்டுக்குப் போவதையே தவிர்க்கும், சிறுநீரையும் அடக்கும். மன அழுத்தம் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சியைத் தூண்டக்கூடியது. ஆண் பூனைக்கு அதனால் சிறுநீர்ப்பாதை அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. மேல்பக்கம் திறப்புள்ள பெட்டி இதைவிட மேல், பூனை இளமையும் சுறுசுறுப்பும் உள்ளதாக இருந்தால். எந்த ஏற்பாட்டைச் செய்தாலும், பழைய தட்டை உடனே எடுத்துவிடாமல், பூனை புதிய இடத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்தத் தொடங்கும் வரை இரண்டையும் வைத்திருங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும் என்ற பொது விதி, நாய் உள்ள வீட்டில் இன்னும் அவசியமாகிறது.

தட்டில் ஒன்றும் இல்லையென்றால் நாய்க்கும் அங்கே வேலை இல்லை. காலையும் இரவும் அள்ளுவது குறைந்தபட்சம். உணவுக்குப் பின் பூனை வழக்கமாகப் போகும் நேரத்தைக் கவனித்து உடனே அள்ளினால் பாதித் தொல்லை தீரும்.

இவற்றோடு நாய்க்கு ‘விடு’ என்ற கட்டளையையும் கற்பிக்கலாம். மூடிய கைக்குள் ஒரு பிஸ்கட் துண்டை வைத்து நாயின் முன் நீட்டுங்கள்; அது முகர்ந்து, நக்கி, சலித்து மூக்கை விலக்கிய கணத்தில் பாராட்டி, மறு கையிலிருந்து அதைவிடச் சுவையான ஒன்றைக் கொடுங்கள். அடுத்து திறந்த கை, பிறகு தரை, அதன்பின் கழுத்துப்பட்டையில் வாருடன் மணல் தட்டு இருக்கும் அறையின் வாசல் என்று படிப்படியாக நகர்த்த வேண்டும். ஆனால் இந்தப் பயிற்சி நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டுமே காக்கும். தின்னும்போது கத்திக்கொண்டு துரத்துவதோ, வாயை வலிந்து திறப்பதோ, அடிப்பதோ வேண்டாம். பறிபோய்விடும் என்று அஞ்சும் நாய் அடுத்த முறை இன்னும் வேகமாக விழுங்கும்.

மணலில் மிளகாய்த்தூள் தூவும் யோசனையை முற்றாகக் கைவிடுங்கள். எரிச்சல் படுவது மண்ணைக் கிளறும் பூனையின் பாதத்திலும் கண்ணிலும். மலத்தின் சுவையைக் கெடுப்பதாகச் சொல்லி விற்கும் பொடிகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் குழுவினர், நாய் மலத்தைத் தின்னும் நாய்களைப் பற்றி 2018இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய பொருள்களால் பலன் கண்டதாக உரிமையாளர்கள் கூறிய அளவு 2 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இதுவரை இல்லாத பழக்கம் திடீரென்று தொடங்கினாலோ, நன்றாகத் தின்றும் நாய் இளைத்துக்கொண்டே போனாலோ, குடற்புழு, கணையச் சுரப்புக் குறைபாடு, நீரிழிவு போன்றவற்றைப் பரிசோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகளும் அடங்காப் பசியைத் தரும். பொதுவாக வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் 3 மாதங்களுக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்வார்கள். எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்லட்டும். நாய் மணலை நிறைய விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க முயலாதீர்கள். இரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். மீண்டும் மீண்டும் வாந்தி, வயிறு உப்பல், மலம் வராமை, உணவை மறுத்துச் சோர்ந்து படுத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், காத்திருக்காமல், மணல் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.