அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஒரு பிராதாகப் படிப்பது எப்படி?

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் 'மனிதர் அனைவரும் சமம்' என்ற வரியையும், 1776 ஜூலை 4 என்ற தேதியையும் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். பிராது, அதாவது வாதி கோர்ட்டில் கொடுக்கும் வழக்கு மனு, அந்தக் கட்டுகளைப் புரட்டிப் பழகிய கண்ணுக்கு அந்த வரி வெறும் முகப்பு. சரக்கு கீழே இருக்கிறது.

முழுப் பிரகடனத்தையும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஆங்கில மூலம் ஏறத்தாழ 1,300 சொற்கள்தான், இரண்டு மூன்று தாளில் அடங்கிவிடும். முதல் இரண்டு பத்திகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு, அமெரிக்கக் காலனிகளை ஆண்ட பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜைச் சுட்டி, 'அவர் மறுத்தார்', 'அவர் கலைத்தார்' என்று வாக்கியங்கள் வரிசையாக வரும். பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். 13ஆவது புகாருக்குள் 9 உட்பிரிவுகள் உண்டு, அவற்றையும் தனித்தனியே எண்ணினால் மொத்தம் 27 வரும்.

இப்போது வரிவிதிப்பு பற்றிய புகாரைத் தேடுங்கள். பாடப்புத்தகம் முதல் காரணமாகச் சொல்லும் 'சம்மதமில்லாத வரி' 17ஆவது இடத்தில், ஒற்றை வரியில் இருக்கிறது. அதற்கு முன்னால் வருபவை பெரும்பாலும் சட்டமன்றம், நீதிபதி, ராணுவம் பற்றியவை. பணம் போன வயிற்றெரிச்சலைவிட, எங்களை ஆள உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற கேள்விதான் பெரிதாக நிற்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அடுத்து, ஓரத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதற்குப் பின்னால் இருக்கும் சம்பவத்தை எழுதுங்கள். பிரகடனத்தில் சட்டத்தின் பெயரும் இல்லை, சம்பவத் தேதியும் இல்லை. எங்கள் கோர்ட்டில் இப்படி ஒரு பிராதைத் தாக்கல் செய்தால் அன்றைக்கே ரிட்டர்ன் ஆகிவிடும். நாம்தான் நிரப்ப வேண்டும்.

எனக்குப் பிடித்தது 4ஆவது. சட்டமன்றத்தை வழக்கமில்லாத, வசதியில்லாத, ஆவணங்கள் இருக்கும் இடத்துக்குத் தொலைவான ஊர்களில் கூட்டி, உறுப்பினர்களை அலைக்கழித்துப் பணிய வைத்தார் என்பது புகார். மாசசூசெட்ஸ் சபையை பாஸ்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். 1772இல் தெற்குக் கரோலினா சபையைச் சார்ல்ஸ்டனிலிருந்து பியூஃபோர்ட்டுக்கு இழுத்தடித்தார்கள். எதிராளியை ஊர் ஊராக அலையவிட்டுச் சமரசத்துக்குக் கொண்டுவரும் வித்தையை நான் பார்க்காத கோர்ட் இல்லை.

9ஆவதில் நீதிபதிகளின் பதவியும் சம்பளமும் மன்னர் கையில் என்கிறார்கள். இங்கிலாந்திலோ நன்னடத்தை உள்ளவரை நீதிபதியை மன்னர் நினைத்தபடி நீக்க முடியாது என்று 1701ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தது. அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம் என்பதுதான் குமுறல்.

17ஆவதுக்கு எதிரே 1765ஆம் ஆண்டு முத்திரைத்தாள் சட்டத்தை எழுதுங்கள். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டனுக்குக் கடன் மலையாக ஏறிவிட்டது. அதில் ஒரு பங்கைக் காலனிகள் சுமக்கட்டும் என்று பத்திரம், பத்திரிகை, பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு, பகடைக்காய் வரை முத்திரை வரி வைத்தார்கள். கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுன். வக்கீலாகப் பதிவு செய்ய 10 பவுன்! சீண்டக்கூடாத இரண்டு சாதி உண்டென்றால் அது வக்கீலும் அச்சகக்காரரும்தான். ஒரே சட்டத்தில் இரண்டு பேரையும் சீண்டினார்கள். மீறியவர்களை ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்று வேறு வைத்தார்கள். 18ஆவது புகாரின் வேர் அங்கே இருக்கிறது. மறு ஆண்டே சட்டம் ரத்தானது. ஆனால் ரத்து செய்த கையோடு, காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்தியதையை விடாமல் பிடித்துக்கொண்ட கதை.

தேயிலையும் அப்படித்தான். 1773ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் இருந்தது. பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் நீடித்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குடித்தால் வரி போடும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தார்கள். அதனால்தான் டிசம்பர் 16 இரவு 342 பெட்டித் தேயிலை பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது. சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, நம்மூர் புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. பதிலடியாக 1774இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, மாசசூசெட்ஸ் சாசனத்தையே மாற்றினார்கள். அந்தச் சாசன மாற்றம்தான் 21ஆவது புகார்.

ஓரக்குறிப்பு முடிந்ததும், பிரதிவாதி யார் என்று பாருங்கள். வரி போட்டது நாடாளுமன்றம், ஆனால் அதன் பெயரே பிரகடனத்தில் இல்லை. 13ஆவது புகாரில் மன்னர் 'வேறு சிலரோடு சேர்ந்துகொண்டு' என்று வருகிறதே, அந்த 'வேறு சிலர்' தான் நாடாளுமன்றம். அதற்கு எங்கள் மேல் என்றைக்குமே அதிகாரம் கிடையாது, எங்களுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த ஒரே கட்டு மன்னர்தான் என்பது அவர்கள் வாதம். அறுக்க வேண்டிய கட்டு அவர் என்பதால் மூன்றாம் ஜார்ஜ் ஒற்றைப் பிரதிவாதி ஆனார். கெட்டிக்காரத்தனமான வரைவு.

நம் ஊரில் அரசின் மேல் வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இவர்களும் கொடுத்தார்கள். 1775 ஜூலையில் பணிவான மனு ஒன்றை அனுப்பினார்கள். மன்னர் அதை வாங்கவே இல்லை. ஆகஸ்டில் கிளர்ச்சிக்காரர்கள் என்று அறிவித்துவிட்டார். புகார்ப் பட்டியல் முடிந்ததும் வரும் பத்தி இதைத்தான் சொல்கிறது.

அப்புறம்தான் விட்டுவைத்த முதல் பத்திகளுக்கு வர வேண்டும். மக்கள் சம்மதத்தில்தான் அரசு நிற்கிறது, தொடர்ந்து கொடுமை செய்தால் அதை மாற்றும் உரிமை உண்டு என்பது ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதியது. இரண்டாம் ஜேம்ஸின் குற்றங்களைப் பட்டியலிட்ட 1689ஆம் ஆண்டு ஆங்கிலேய உரிமைச் சட்டம் வடிவத்துக்கு முன்மாதிரி. 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் மன்னராட்சி என்பதையே கிழித்து எழுதிய துண்டு நூல் சூட்டைக் கிளப்பியது. பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெபர்சன் கொள்கையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, நன்றாகத் தொகுத்தார்.

வாதி சொல்லாமல் விட்டதையும் பார்த்துவிடுங்கள். அடிமை வியாபாரத்துக்காக மன்னரைச் சாடிய ஒரு பத்தி வரைவில் இருந்தது, காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபை அதை அடித்துவிட்டது. எழுதிய ஜெபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர். 27ஆவது புகாரில் மன்னர் உள்நாட்டுக் கலகத்தைத் தூண்டினார் என்று வரும். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அடிமைக்கு விடுதலை கிடைப்பதும் அவர்களுக்கு ஒரு புகார். அதே வாக்கியத்தில் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறார்கள். 7ஆவதில் வரும் நிலப் பிரச்சினையையும், அப்பலேச்சியன் மலைக்கு மேற்கே குடியேறத் தடைபோட்ட 1763ஆம் ஆண்டு அரசாணையையும் இதோடு சேர்த்துப் படித்தால் யாருடைய நிலத்துக்குக் கண் வைத்தார்கள் என்று தெரியும்.

கடைசிப் பத்தி பரிகாரம். மேலே நீதிபதி இல்லை, அதனால் உலகத்தின் முன் வழக்கை வைத்துவிட்டுத் தீர்ப்பையும் தாங்களே எழுதிக்கொண்டார்கள். போர், சமாதானம், கூட்டணி, வணிகம் எல்லாம் இனி எங்கள் உரிமை என்றார்கள். கூட்டணி என்பது பிரான்சுக்கு விட்ட தூது. 1778இல் பலித்தது.

கை பழக, இதே முறையில் இந்திய தேசிய காங்கிரஸின் 1930 ஜனவரி 26 பூரண சுயராஜ்ய உறுதிமொழியையும், 1945 செப்டம்பர் 2 அன்று ஹோ சி மின் ஹனோயில் வாசித்த பிரகடனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோ சி மின் ஜெபர்சன் வரியோடு தொடங்கிப் பிரெஞ்சுக்காரர் மேல் புகார்ப் பட்டியலுக்குப் போவார். காங்கிரஸ் உறுதிமொழியில் கைராட்டையும் உப்பு வரியும் வரும். ஓரத்தில் நிறைய இடம் விட்டு அச்சிடுங்கள்.