ஆடாதோடை மணப்பாகு: பூஞ்சை பிடிக்காமல் காய்ச்ச

சளி இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் நல்லதுதான், ஆனால் அந்தக் கசப்பை யார் குடிப்பது? என் வீட்டில் மணப்பாகாக, அதாவது கஷாயத்தில் கற்கண்டு சேர்த்த இனிப்புப் பாகாகக் காய்ச்சி வைத்த பிறகே எல்லோரும் வாங்கிக் குடிக்கிறார்கள். இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள் சளியை இளக்கும். இருமல் டானிக்குகளில் வரும் புரோம்ஹெக்சின்கூட இந்த வாசிசினை வைத்து உருவாக்கியதுதான்.

முற்றிய இலை 100 கிராம், தண்ணீர் 800 மில்லி, பனங்கற்கண்டு 300 கிராம். விருப்பப்பட்டால் நான்கு திப்பிலி. அதிமதுரமும் சேர்ப்பார்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

இலையைக் கழுவி, நடு நரம்பைக் கிள்ளிவிட்டு நறுக்குங்கள். திப்பிலியைத் தட்டிப் போட்டு, சிறு தீயில் 200 மில்லியாக வற்றவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். மண்சட்டி இருந்தால் நல்லது, இல்லையென்றால் எவர்சில்வர் போதும்.

வடிகட்ட டீ வடிகட்டி உதவாது. பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துப் பிழியுங்கள். பொடித் துகள் தங்கினால் பாகு சீக்கிரம் கெடும்.

இனிதான் கவனம். வடிகட்டிய கஷாயத்தில் பனங்கற்கண்டைப் போட்டுச் சூடாக்குங்கள். கற்கண்டு கரைந்ததும் அதன் கசடு தனியாகத் தெரியும். மறுபடி ஒருமுறை வடிகட்டிவிட்டுக் கொதிக்கவிடுங்கள். நுரை பெரிய குமிழாக இருக்கும்வரை நீர் அதிகம் என்று அர்த்தம். குமிழ் சிறுத்து, நெருக்கமாக எழும்பும்போது ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆற்றி, இரண்டு விரலால் தொட்டுப் பிரியுங்கள். ஒற்றைக் கம்பி இழுத்தால் உடனே இறக்குங்கள். அதற்கு முன்னால் இறக்கினால் பூஞ்சை பிடிக்கும். தாண்டினால் அடியில் சர்க்கரை படியும். சூட்டோடு பாட்டிலில் ஊற்றி மூடவே கூடாது. மூடியில் வியர்க்கும் நீர் மேலே சொட்டி, அந்த இடத்தில்தான் முதலில் வெள்ளை பூக்கும். நன்றாக ஆறட்டும், பாட்டிலும் ஈரமில்லாமல் இருக்கட்டும். கண்ணாடி பாட்டில்தான் என் கட்சி.

பெரியவர்களுக்கு 5 மில்லி, வெந்நீரில் கலந்து, காலையும் இரவும். குழந்தைகளுக்குச் சித்த மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம், வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்தப் பாகு ஆகாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனைதான் முதலில்.

பின்சேர்க்கை: செடி இல்லாதவர்கள் நாட்டு மருந்துக் கடைப் பொடியில் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். சரி, செய்யலாம். 25 கிராம் பொடியைத் துணியில் தளர்வாக மூட்டை கட்டிப் போடுங்கள். அப்படியே கொட்டினால் வடிகட்டவே முடியாது. பாட்டிலில் கற்கண்டு உறைந்துவிட்டது என்றவர்களுக்கு: பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, இரண்டு ஸ்பூன் கொதிநீர் கலந்து, அந்த வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.